சன்னலுக்கு வெளியே நின்றோர்

தாம்பரத்திற்கு மேற்கே, முடிச்சூர்ச் சாலையிலிருந்து பிரிந்து செல்லும் சந்து ஒன்று. 2020ஆம் ஆண்டு, ஆடி மாதத்து முற்பகல். கொள்ளைநோய்க்கு அஞ்சிப் பள்ளிகளெல்லாம் பூட்டிக் கிடந்த நேரம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அண்டை வீட்டுச் சன்னற் கம்பியைப் பற்றிக்கொண்டு நுனிக்காலில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் குறிப்பேடு. மறு கையில் எழுதுகோல். பாடநூல்களைப் பிள்ளைகளிடம் சேர்ப்பிக்கத் தெருத் தெருவாகச் சென்றுகொண்டிருந்த நாம், "இங்கே என்னம்மா வேடிக்கை?" என்று கேட்டோம்.

"வேடிக்கை இல்லை சார், பாடம்" என்றாள்.

உள்ளே, கல்வித் தொலைக்காட்சியில் கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. அவள் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இல்லையா? இருந்தது. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது அரசு வழங்கிய 14 அங்குல வண்ணப் பெட்டி அது. பழுதாகிவிட்டதா? இல்லை. தந்தைக்குச் சித்திரை முதல் வேலை இல்லை. மூன்று மாதக் கேபிள் கட்டணம் நின்றது. கட்டணம் நின்றதும் இணைப்பும் நின்றது. பெட்டி இருந்தது, படம் இல்லை. ஆகவே அந்தப் பெண் சன்னலுக்கு வெளியே நின்றாள்.

அவ்விணைப்பைத் துண்டித்தவரைப் பழிப்பதற்காக இதைக் கூறவில்லை. அவரும் அதே சந்தில் குடியிருப்பவர்தாம்; மாதந்தோறும் மேலிடத்திற்குப் பணம் கட்ட வேண்டியவர்தாம். நம்மை உறுத்தியது வேறொரு கேள்வி. அரசு பாடம் நடத்துகிறது; அரசு கொடுத்த பெட்டி வீட்டில் இருக்கிறது; இரண்டுக்கும் இடையே பிள்ளையைத் தெருவில் நிறுத்திய பொருள் எது? அது எப்போது வந்தது? யார் கைக்குப் போயிற்று? இக்கேள்விக்கு விடை தேடியபோது, நூறாண்டு வரலாறு ஒன்று நம் முன் விரிந்தது. அதைத் தோழர்களிடம் சொல்ல விரும்புகிறோம்.

கடற்கரையில் ஒலித்த பொதுப் பெட்டி

1924ஆம் ஆண்டு, சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால், 'சென்னை மாகாண வானொலிக் கழகம்' தோன்றியது. அவ்வாண்டிலேயே ஒலிபரப்பும் தொடங்கியது. ஆர்வலர் சிலர் கைப்பணம் போட்டு நடத்திய கழகம் அது. கைப்பணம் எத்தனை நாளுக்கு வரும்? 1927இல் பணமின்றி ஓய்ந்தது. அதே 1927இல் பம்பாயில் தனியார் நிறுவனம் ஒன்று, இலாப நோக்கோடு, ஒலிபரப்பில் இறங்கியது. அதுவும் மூன்றாண்டு தாங்கவில்லை, 1930இல் கலைக்கப்பட்டது. ஆர்வலரும் தளர்ந்தனர், வணிகரும் வீழ்ந்தனர்.

பிறகு யார் தூக்கி நிறுத்தியது? சென்னையில் அதைச் செய்தது ஊராட்சி அமைப்பு. 1930 ஏப்ரல் முதல் நாள், சென்னை மாநகராட்சி தன் சொந்த ஒலிபரப்பைத் தொடங்கிற்று. கழகம் விட்டுச் சென்ற கருவியைக் கொண்டே தொடங்கிற்று. வீட்டில் வானொலிப் பெட்டி வைத்திருந்தோர் அந்நாளில் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணத்தக்க சீமான்கள். அவர்களுக்கு மட்டுமா மாநகராட்சி பாடியது? இல்லை! கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்தது, பூங்காவில் வைத்தது. மீன் விற்றுத் திரும்பியவளும், வண்டி இழுத்துக் களைத்தவனும், மணலில் அமர்ந்து காசில்லாமல் கேட்டனர். 1938 சூன் 16இல் அனைத்திந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்படும் வரை எட்டாண்டுகள் இவ்வேற்பாடு நடந்தது.

இதை நாம் ஏன் விரித்துக் கூறுகிறோம்? "மக்களுக்கு இலவசமாக ஒலியும் ஒளியும் தருவது அண்மைக்கால அரசியல்வாதிகள் கண்டுபிடித்த தேர்தல் தந்திரம்" என்று கூறுவோர் உளர். அவர்கள் அறியட்டும்! சென்னையில் நிலைத்து நின்ற முதல் ஒலிபரப்பே இலவசமாகக் கடற்கரையில் ஒலித்ததுதான். வானொலியை இந்நகருக்கு ஒரு வணிகப் பொருளாக அறிமுகம் செய்தவர் எவருமில்லை. தெருவிளக்கைப் போல, குழாய்நீரைப் போல, ஊர்ப் பொதுப் பொருளாகவே அது அறிமுகமாயிற்று.

அதன் வழியில் வந்ததே பஞ்சாயத்து வானொலி. ஊர் நடுவே சிறு அறை, கூரையில் ஒலிபெருக்கி, மாலையில் செய்தி, வேளாண் குறிப்பு, பாட்டு. நம் இயக்கத் தோழர்கள் 1950களில் ஊருக்கு ஊர் நடத்திய படிப்பகங்களும் இதே கருத்தின் இன்னொரு வடிவம்தான். ஏடு வாங்க வகையற்றவன் ஏட்டை இழக்கலாகாது. எழுதப் படிக்கத் தெரியாதவன் செய்தியை இழக்கலாகாது. ஒருவர் படிக்க, பலர் கேட்டனர்.

முதற் சன்னல்

தில்லியில் 1959 செப்டம்பர் 15இல் தொலைக்காட்சி தொடங்கிற்று. பம்பாய்க்கு 1972இல் வந்தது. சென்னைக்கு? 1975 ஆகஸ்டு 15இல்! தலைநகர் கண்டதைத் தமிழகம் காண ஏறத்தாழ 16 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதே 1975 ஆகஸ்டில், அமெரிக்கச் செயற்கைக்கோளின் துணையோடு ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 சிற்றூர்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகளை ஓராண்டு காலம் அனுப்பிப் பார்த்தனர். அந்த ஆறில் தமிழ்நாடு இல்லை.

சேப்பாக்கத்துக் கோபுரத்திலிருந்து வந்த அலையைப் பிடிக்க, தாம்பரத்து ஓட்டு வீடுகளின் மேல் இரும்புக் குழாய்கள் எழும்பின. அவற்றின் உச்சியில் அலுமினிய ஆன்டெனாக்கள் வடக்கு நோக்கி நின்றன. அலைக்குக் கட்டணம் இல்லை. பெட்டி வைத்திருப்பதற்கு மட்டும் அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். வானொலிக்கு 15 ரூபாய், தொலைக்காட்சிக்கு 50 ரூபாய் என்று கட்டிய காலம் உண்டு. அன்றைய ஐம்பது ரூபாய் சிறு தொகையன்று. எனினும் அது பொதுநிலையத்தை நடத்துவதற்கு மக்கள் செலுத்திய பங்கு. இடைத்தரகர் எவர்க்கும் இலாபமாகச் சென்றதன்று. 1980களின் நடுவில் அவ்வுரிமக் கட்டணமும் நீக்கப்பட்டது.

தாம்பரம் இரயில்வேக் குடியிருப்பில் வாழ்ந்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் அந்நாட்களை நமக்கு விவரித்தார். தெருவுக்கு ஒரு பெட்டி. வெள்ளிக்கிழமை மாலை 'ஒலியும் ஒளியும்', ஞாயிறன்று திரைப்படம். பெட்டி உள்ள வீட்டின் கூடத்தில் தெருவே அமர்ந்திருக்கும். "எல்லாரும் அமர்ந்தீர்களா ஐயா?" என்று கேட்டோம். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு கூறினார்: "எல்லாரும் இல்லை தம்பி. சிலரைக் கூடத்தில் உட்கார வைப்பார்கள். சிலரைத் திண்ணையோடு நிறுத்துவார்கள். எங்களைப் போன்றவர்கள் சன்னலுக்கு வெளியே நின்றுதான் பார்த்தோம். வாசல் திறந்துதான் இருந்தது. ஆனால் அது எங்களுக்குத் திறந்ததில்லை."

கேட்டீர்களா தோழர்களே! வானிலிருந்து வந்த அலைக்குச் சாதி தெரியாது. அது சேரிக் கூரைக்கும் அக்கிரகாரத்து மாடிக்கும் ஒன்றாகவே வந்தது. அலையை வாங்கும் பெட்டி தனியொருவன் கூடத்தில் இருந்தமையால், கூடத்துச் சாதி அலைக்கும் ஒட்டிக்கொண்டது. பொதுப் பெட்டிக்கும் தனிப் பெட்டிக்கும் உள்ள வேறுபாடு காசு மட்டுமன்று, மானமும்தான். இதுவே நம் வரலாற்றின் முதற் சன்னல்.

பொதுப் பணத்தில் புராணம்

இலவசமாக வந்தது என்பதற்காக அன்றைய பொதுத் தொலைக்காட்சியைப் போற்றிப் பாட நாம் வரவில்லை. அதன் குற்றங்களையும் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

முதற் குற்றம், மொழி. 1950களின் இறுதியில் வானொலிக்கு 'ஆகாசவாணி' என்று பெயர் சூட்டப்பட்டபோதே தமிழகம் முகம் சுளித்தது. வானொலி என்ற அழகிய சொல் இருக்க, ஆகாசவாணி எதற்கு? அச்சண்டை முடிந்துவிட்டதென்று எண்ணியிருந்தோம்; 2023 மே மாதத்தில் அதே பெயரைக் கட்டாயமாக்கும் ஆணை மீண்டும் வந்தது, மீண்டும் எதிர்ப்பு எழுந்தது. தொலைக்காட்சியிலோ, 1982 ஆகஸ்டு 15இல் 'தேசிய நிகழ்ச்சி' தொடங்கியபின், மக்கள் வேலை முடித்து வீடு திரும்பும் முன்னிரவு நேரம் இந்திக்கும் ஆங்கிலத்திற்கும் உரியதாயிற்று. தமிழ் முடிந்தது, பெட்டியை மூடு என்பது தமிழ் வீடுகளின் வழக்கமாயிற்று. வரிப்பணம் தமிழனுடையது, முன்னிரவு யாருடையது?

இரண்டாம் குற்றம், பொருள். 1987 சனவரியில் தொடங்கி, ஞாயிறு காலைதோறும் இராமாயணத் தொடர். அது 1988இல் முடிந்ததும் மகாபாரதத் தொடர். தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலையிட்டுக் கர்ப்பூரம் காட்டிய வீடுகள் இருந்தன. தனியார் ஒருவர் தம் பணத்தில் புராணம் காட்டினால், அது அவர் விருப்பம் எனலாம். ஆனால் மதச்சார்பற்ற அரசு, எல்லா மதத்தாரிடமும் மதமிலாரிடமும் வாங்கிய பணத்தில் நடத்தும் நிலையம், அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமையென்று 51-ஏ பிரிவில் எழுதி வைத்திருக்கும் நாட்டின் நிலையம், அதைச் செய்யலாமா? 2020 மார்ச்சு இறுதியில், நாடே வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தபோது, அந்நிலையம் மீண்டும் எடுத்து ஒளிபரப்பியதும் அதே இராமாயணத் தொடரைத்தான்!

மூன்றாம் குற்றம், அடிமைத்தனம். எந்தக் கட்சி தில்லியில் ஆண்டதோ அக்கட்சியின் குரலே செய்தியாயிற்று. 1978இலேயே வர்கீஸ் குழு, வானொலியையும் தொலைக்காட்சியையும் அரசின் பிடியிலிருந்து விடுவித்துத் தன்னாட்சி அமைப்பாக்கும்படி பரிந்துரைத்தது. அதற்கான சட்டம் 1990இல் வந்தது. நடைமுறைக்கு வந்ததோ 1997இல்! பெயர் பிரசார் பாரதி. பெயரளவில் தன்னாட்சி, பணத்திற்குத் தில்லியின் கையைப் பார்க்கும் நிலை.

ஆக, தமிழன் பொதுத் தொலைக்காட்சியை விட்டு ஓடினான் என்றால், இலவசம் கசந்து ஓடவில்லை. அது தன்னோடு தன் மொழியில் பேசாததால் ஓடினான்.

கம்பி வந்தது

ஓடியவனை வரவேற்கக் கம்பி காத்திருந்தது. 1991இல் வளைகுடாப் போரைச் செயற்கைக்கோள் வழியே நேரில் கண்டு வியந்த நாடு, அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கேபிளுக்குள் புகுந்தது. மாடியில் ஒரு பெரிய கிண்ண ஆன்டெனா. அங்கிருந்து மின்கம்பம் விட்டு மின்கம்பம், மாமரம் விட்டு முருங்கைமரம் தாவி, கருங்கம்பி வீடு வீடாக நுழைந்தது. ஒரு தெருவுக்கு ஓர் இளைஞர், சில ஆயிரம் முதல், ஓர் ஏணி: இதுதான் தொடக்கக்காலக் கேபிள் தொழில்.

1993 ஏப்ரல் 14இல் சன் தொலைக்காட்சி தொடங்கிற்று. 1994இல் ராஜ் தொலைக்காட்சி. 1999இல் ஜெயா தொலைக்காட்சி. 2007இல் கலைஞர் தொலைக்காட்சி. முன்னிரவு முழுதும் தமிழ்! தமிழில் செய்தி, தமிழில் வழக்காடல், தமிழில் நகைச்சுவை. சேப்பாக்கத்துக் கோபுரம் பதினெட்டாண்டுகளில் செய்யாததைக் கம்பி ஒரே ஆண்டில் செய்தது. இந்த நன்மையை மறைப்பது நேர்மையாகாது.

ஆனால் நன்மையோடு இரண்டு பற்றுச்சீட்டுகளும் வந்தன. ஒன்று, மாதக் கட்டணம். இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாதது. தனியார் அலைவரிசை நமக்கு நிகழ்ச்சியை விற்பதாக நினைக்கிறோம்; அதன் பெருவருவாய், நம் கண்களை விளம்பரக்காரனுக்கு விற்பதில் இருக்கிறது. கண் அதிகம் எங்கே தேங்குமோ அங்கே அது கடை விரிக்கும். விளைவு? காலையில் சோதிடர், பகலில் மாமியார் மருமகள் சண்டை, இரவில் பாம்பும் பில்லி சூனியமும். பொதுப் பணத்தில் வந்த புராணத்தை எதிர்த்தோம். கட்டணம் கட்டிப் புராணத்தை வரவழைத்துக்கொண்டோம்! அரசியலிலோ, ஒவ்வொரு கொடிக்கும் ஓர் அலைவரிசை. தில்லியின் ஒற்றைக் குரலுக்கு மாற்றாகப் பல குரல் வந்தது, ஆனால் எக்குரலும் தன் தலைவரைக் கேள்வி கேட்கவில்லை. இதில் நம் பக்கத்தார், எதிர்ப் பக்கத்தார் என்ற வேறுபாடு இல்லை. பகுத்தறிவு என்பது பிறர் முதுகை மட்டும் பார்க்கும் கண்ணாடியன்று.

வானம் யாருடையது?

1995 பிப்ரவரி 9இல் உச்சநீதிமன்றம் வரலாற்றுச் சிறப்புடைய தீர்ப்பொன்றை வழங்கிற்று. கிரிக்கெட் ஆட்டத்தை ஒளிபரப்பும் உரிமை பற்றி, வங்காளக் கிரிக்கெட் சங்கத்திற்கும் நடுவண் அரசுக்கும் நடந்த வழக்கு அது. ஆட்டத்தைப் பற்றிய வழக்கில் நாட்டைப் பற்றிய விடை கிடைத்தது: அலைகள் பொதுச் சொத்து. அரசு மட்டுமே ஆளத்தக்க தனியுரிமையும் அன்று. பணம் படைத்தவன் வளைத்துக்கொள்ளத்தக்க பொருளும் அன்று. தன்னாட்சி பெற்ற பொது அமைப்பு ஒன்றே, மக்கள் நலன் கருதி, அதை ஒழுங்கு செய்ய வேண்டும்.

எத்துணைத் தெளிவு! ஆயினும் நடந்தது என்ன? அதே 1995இல் வந்த கேபிள் சட்டம், ஒவ்வொரு கேபிள்காரரும் தூர்தர்ஷனைக் கட்டாயம் காட்ட வேண்டும் என்றது. நல்லதுதான். ஆனால் கட்டணம் கட்டாதவனுக்கும் காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. அலை பொதுச் சொத்து. அது வீட்டுக்கு வரும் வழியோ தனிச் சொத்து. ஆறு ஊருக்குச் சொந்தம், வாய்க்கால் மிராசுதாரருக்குச் சொந்தம் என்றால், குடியானவன் நிலம் நனையுமா?

பெட்டி கொடுத்த கைகள்

2003 செப்டம்பரில் சென்னையில் ஒரு புதுமை நடந்தது. கட்டண அலைவரிசை வேண்டுமா, தனிப்பெட்டி வாங்கிக்கொள். வேண்டாமா, குறைந்த கட்டணத்தில் இலவச அலைவரிசைகளை மட்டும் பார்த்துக்கொள் என்ற முறை, நாட்டிலேயே முதலில் இங்குதான் நடைமுறைக்கு வந்து நிலைத்தது. மக்கள் தீர்ப்பு என்ன தெரியுமா? மிகப் பெரும்பாலான வீடுகள் தனிப்பெட்டி வாங்கவே இல்லை! மக்கள் ஆயிரம் அலைவரிசைக்கு அலைகிறார்கள் என்பது விற்பவன் கட்டிய கதை. தம் மொழியில் நாலு நல்ல அலைவரிசை குறைந்த செலவில் கிடைத்தால், அதோடு நிறைவடையும் அறிவு மக்களுக்கு உண்டு.

2006 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கிற்று. 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெட்டி சென்றது. எள்ளி நகைத்தனர் சிலர். அவர்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று பெட்டி இருந்தது! வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. தேர்தல் அறிக்கையில் இத்தகைய வாக்குறுதி அளிப்பது ஊழல் நடவடிக்கையாகாது என்று 2013 சூலை 5இல் தீர்ப்பாயிற்று. நமக்கு அத்திட்டத்தின் பெருமை எது? பொழுதுபோக்கு அன்று. தாம்பரத்து முதியவர் கூறிய சன்னல் அன்றுதான் மூடப்பட்டது! இனி எவன் வீட்டுத் திண்ணையிலும் நிற்க வேண்டியதில்லை. என் கூடம், என் பெட்டி என்று ஒடுக்கப்பட்டோன் நிமிர்ந்தான்.

ஆனால் பெட்டி பாதி, கம்பி மறுபாதி. இதை இரு கட்சி ஆட்சிகளும் உணரவே செய்தன. 2006 தொடக்கத்தில் அ.தி.மு.க. அரசு கேபிள் நிறுவனங்களை எடுத்துக்கொள்ளச் சட்டமுன்வரைவு கொண்டுவந்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. 2007 அக்டோபரில் தி.மு.க. அரசு 'தமிழ்நாடு அரசு கேபிள் டிவி கார்ப்பரேஷன்' நிறுவியது. 2008இல் தஞ்சை, கோவை, நெல்லை, வேலூர் ஆகிய இடங்களில் பணி தொடங்கிப் பிறகு அது முடங்கிற்று. 2011 செப்டம்பரில் அ.தி.மு.க. அரசு அதற்கு மீண்டும் உயிரூட்டி, மாதம் 70 ரூபாய் என்று கட்டணம் வைத்தது. சென்னை மாவட்டத்தை அதன் கம்பி பிறகுதான் எட்டியது. மாநில அரசுகள் இத்தொழிலில் இறங்கலாகாது என்று தில்லியின் ஒழுங்குமுறை ஆணையம் 2012இல் பரிந்துரைத்தது. டிஜிட்டல் உரிமம் கிடைக்க 2017 ஏப்ரல் வரை காக்க வேண்டியதாயிற்று.

கட்சிக் காழ்ப்பால் பிறந்தது, கட்சிக் காழ்ப்பால் தூங்கியது என்று அதன் வரலாற்றைச் சுருக்கிவிடலாம். அப்படிச் சுருக்குவது தவறு. எந்நோக்கத்தில் தொடங்கினாலும், தமிழ்நாட்டில் மட்டும் ஓர் உண்மை மெய்ப்பிக்கப்பட்டது: கம்பியும் பொதுவாக இருக்க முடியும்!

நூற்று ஐம்பத்து மூன்று ரூபாய் நாற்பது காசு

2019இல் நாடு முழுதும் புதிய கட்டண முறை வந்தது. நூறு அலைவரிசைக்குக் 'கொள்திறன் கட்டணம்' 130 ரூபாய். அதன்மேல் வரி 18 விழுக்காடு. ஆக 153 ரூபாய் 40 காசு. இது எதற்கான கட்டணம்? கட்டண அலைவரிசைகளுக்கா? இல்லை, அவற்றுக்குத் தனி விலை. இலவச அலைவரிசைகளைக் கம்பி வழியே அனுப்பி வைப்பதற்கான கூலி இது! அந்த நூறில், சட்டம் கட்டாயமாக்கிய தூர்தர்ஷன் அலைவரிசைகளும் அடக்கம். 2020இல் அதே 130 ரூபாய்க்கு 200 அலைவரிசை என்றும், தூர்தர்ஷனைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றும் திருத்தினர். 2024இல் கட்டணத்தின் உச்சவரம்பையே எடுத்துவிட்டனர்.

வரி கட்டி நாம் வளர்த்த பொது நிலையத்தைக் காண, மாதந்தோறும் வழிக்கூலி! "பழையபடி ஆன்டெனா மாட்டிக்கொள்ளலாமே" என்பீர்கள். முடியாது. 2021-22இல் பழைய முறைக் கோபுரங்களில் மிகப் பெரும்பாலானவை நிறுத்தப்பட்டுவிட்டன. எஞ்சியிருப்பது 2004இல் தொடங்கிய தூர்தர்ஷனின் கட்டணமில்லாக் கிண்ணச் சேவை. ஒரு முறை சுமார் 2,000 ரூபாய் செலவிட்டால், பிறகு மாதக் கட்டணம் கிடையாது. நாட்டில் நான்கு கோடிக்கு மேற்பட்ட வீடுகளில் அது இருப்பதாக மதிப்பிடுகின்றனர். நல்ல திட்டம், ஆனால் அதன் அலைவரிசைகளில் மிகப் பெரும்பாலானவை இந்தி! வடக்கே ஏழையின் நண்பனாக விளங்கும் திட்டம், இங்கே ஏழைக்கு அந்நியனாக நிற்கிறது. பீகாரின் கூலித் தொழிலாளி காசில்லாமல் தன் மொழியில் காண்பதை, அனகாபுத்தூர் நெசவாளி காசு கொடுத்துத்தான் தன் மொழியில் காண வேண்டும். 1982இல் முன்னிரவில் கண்ட வேற்றுமையும் இன்று கிண்ணத்தில் காணும் வேற்றுமையும் ஒன்றே.

பிறநாடுகளில்

பிரிட்டனில் 1927 முதல் பி.பி.சி. அரச சாசனத்தின்படி இயங்கிவருகிறது. வீட்டுக்கு இவ்வளவென்று ஆண்டுக் கட்டணம். உள்நாட்டு ஒளிபரப்பில் விளம்பரம் இல்லை. கட்டணம் கட்டாத ஏழைகள் வழக்குமன்றம் ஏற வேண்டியிருப்பது அதன் குறை. ஆளுங்கட்சியைக் கேள்வி கேட்கும் துணிவு அதன் நிறை. அமெரிக்காவில் 1967இல் சட்டமியற்றிப் பொது ஒளிபரப்புக்கு அரசுப்பணம் தந்தனர். 2025 சூலையில், ஒதுக்கிய 110 கோடி டாலரையும் நாடாளுமன்றமே திரும்ப எடுத்துக்கொண்டது. பாடம் தெளிவு: ஆள்வோர் மனம் வைத்தால் தருவர், மனம் மாறினால் பறிப்பர் என்ற நிலையில் பொது ஒளிபரப்பு நிற்கலாகாது, சட்டத்தின் காவலில் நிற்க வேண்டும்.

சட்டத்தால் முடியுமா? நம் நாட்டிலேயே சான்று உண்டு. நாடே ஆவலுறும் விளையாட்டுப் போட்டிகளின் ஒளிபரப்பைத் தனியார் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும் என்று 2007இல் சட்டம் செய்தனர். பந்தாட்டம் எல்லார்க்கும் இலவசமாகச் சேர வேண்டும் என்று சட்டம் செய்ய முடிந்த நாட்டில், பள்ளிப் பாடம் எல்லார்க்கும் இலவசமாகச் சேர வேண்டும் என்று சட்டம் செய்ய முடியாதா?

நாம் கேட்பது

தமிழ்நாடு அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டு 26இல் தொடங்கப்பெற்றது. அரசு கேபிளில் 200ஆம் எண். மறு ஆண்டே கொள்ளைநோய் வந்தது. தில்லி நிலையம் இராமாயணத்தைத் தூசு தட்டிய அதே ஆண்டில், நம் ஆசிரியர்கள் ஒளிப்படக் கருவியின் முன் நின்று கணக்கும் அறிவியலும் நடத்தினர். தனியார் அலைவரிசைகளும் அப்பாடங்களுக்கு நேரம் ஒதுக்கின. ஓர் ஆசிரியர் என்ற முறையில் அதில் நமக்குப் பெருமிதம் உண்டு. ஆனால் பெருமிதத்தின் குறுக்கே அந்தச் சன்னல் வந்து நிற்கிறது. மாலையில் அவள் குறிப்பேட்டைப் பார்த்தோம்; மூன்று கணக்குகளில் கடைசிப் படி இல்லை. "அந்த வீட்டு அம்மா சமையலுக்கு நேரமாச்சுன்னு சன்னலைச் சாத்திட்டாங்க சார்" என்றாள்.

அந்தக் கடைசிப் படிக்காகத்தான் கேட்கிறோம்.

ஒன்று: கல்வித் தொலைக்காட்சியும் ஏனைய பொது அலைவரிசைகளும், கட்டணம் நின்றுபோன வீட்டிலும் நிற்கலாகாது. கம்பி யாருடையதாயினும் சரி, தனியார் அலைவரிசைகளை நிறுத்திக்கொள்ளட்டும். பொது அலைவரிசை ஓடட்டும். குடிநீர்க் கட்டணம் பாக்கி என்பதற்காகத் தெருக் குழாயை யாரும் அடைப்பதில்லை.

இரண்டு: கட்டணமில்லாக் கிண்ணச் சேவையில் தமிழுக்கு, மக்கள்தொகைக்கும் வரிப்பங்கிற்கும் ஏற்ற இடம் வேண்டும்.

மூன்று: தமிழில் ஒரு பொதுத் தொலைக்காட்சி வேண்டும். 1993இல் தொடங்கி, 2000 சனவரியில் 'பொதிகை' என்று அழகிய பெயர் பெற்று, 2024 சனவரியில் அப்பெயரையும் இழந்து 'டிடி தமிழ்' ஆகிவிட்ட அலைவரிசை, தில்லியின் நிழலில் நிற்கிறது. நாம் கேட்பது கோட்டையின் நிழலிலும் நிற்காத ஒன்று: 1995 தீர்ப்பு சுட்டிய தன்னாட்சி அமைப்பு, அதில் ஆசிரியர், தொழிலாளர், அறிவியலார், மகளிர் இடம் பெற வேண்டும். புராணமும் சோதிடமும் புகாத, ஆளுங்கட்சி புகழும் பாடாத நிலையம்.

நான்கு: இது அரசிடம் கேட்பதன்று, தோழர்களே, உங்களிடம் கேட்பது. தாம்பரம் மாநகராட்சியில் 70 வட்டங்கள். 2021 நவம்பரில், தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் சிட்லபாக்கம், பெருங்களத்தூர் முதலிய பேரூராட்சிகளையும் இணைத்து உருவானது இம்மாநகராட்சி. 1930இல் சென்னை மாநகராட்சி கடற்கரையில் செய்ததை, இன்றைய மாநகராட்சி வட்டத்திற்கு ஓர் அறையில் செய்ய முடியாதா? நூல்நிலையத்தில் ஒரு பெட்டி, ஒரு கிண்ணம், பத்துப் பாய், மாலையில் பாடம் சொல்லித்தர ஓர் இளைஞர். படிப்பகம் நடத்திய பரம்பரைக்கு இது பெருஞ்செயலா? வட்டக் கூட்டங்களில் கேளுங்கள். மாமன்ற உறுப்பினரிடம் எழுதிக் கொடுங்கள். அரசு செய்யும் வரை காத்திராமல் ஒரு தெருவிலேனும் தொடங்குங்கள்.

அந்தப் பெண் பிறகு பள்ளியிறுதித் தேர்வு எழுதித் தேறினாள். இன்று தன் சந்தில் சிறு பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித் தருகிறாள். சென்ற வாரம் அவ்வழியே சென்றோம். அவள் வீட்டுக் கூடம் சிறியது, பிள்ளைகள் பதினொருவர். கதவு திறந்திருந்தது. திண்ணையில் தயங்கி நின்ற புதுச் சிறுவன் ஒருவனை, "வெளியே நிக்காதடா, உள்ளே வா" என்று கைப்பிடித்து அழைத்துச் சென்று பாயில் அமர்த்தினாள்.

அவள் செய்ததை நாடு செய்ய வேண்டும். அது வரை நாம் ஓயலாகாது.